மீனுக்கு விட்ட தண்ணீர் எங்கே போகிறது?

கோவில்பட்டியில் வண்ண மீன் கடை வைத்திருக்கிறேன் என்றால் புதிதாகக் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். குடத்தோடு வரிசையில் நின்று பழகிய ஊர் இது. இங்கே கண்ணாடித் தொட்டியில் தண்ணீரை நிரப்பி, மீனை விட்டு வேடிக்கை பார்க்க யார் காசு கொடுப்பார்கள்? கொடுக்கிறார்கள். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிற பெண்கள் சம்பளத்தன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து ஒரு ஜோடி கோல்டு ஃபிஷ் வாங்கிப் போவார்கள். புது வீடு கட்டியவர்கள் வாஸ்துவுக்கென்று மூன்றடித் தொட்டி கேட்பார்கள். கரிசல் காட்டில் பிறந்தவர்களுக்குத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு சுகம் என்று நினைக்கிறேன். மீன் அதற்கு ஒரு சாக்கு.

இந்தத் தொழிலில் மீன் வாங்குவது பெரிய காரியமில்லை. சென்னை கொளத்தூருக்குப் போன் போட்டால் ஆக்சிஜன் அடைத்த பையில் பஸ்ஸில் வந்து இறங்கிவிடும். தண்ணீர் சேர்ப்பதுதான் பாடு. எங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் சவர். வாயில் வைத்தால் கரிக்கும், பாத்திரத்தில் ஊற்றி வைத்தால் வெள்ளையாகப் படியும். கப்பியும் மோலியும் அதில் பிழைத்துக்கொள்ளும், மற்றவை தாங்காது. அதனால் குழாயில் வரும் நல்ல தண்ணீரை டிரம்மில் பிடித்து, மூடாமல், ராத்திரி முழுக்க ஏர் பம்பை ஓடவிட்டு, குளோரின் வாடை போன பிறகுதான் தொட்டிக்கு மாற்றுவேன்.

என் வீடு கழுகுமலையில். அங்கேயும் கொல்லையில் நாலு சிமெண்ட் தொட்டியில் குஞ்சு வளர்க்கிறேன். ஒரு கோடையில் நான் டிரம்மிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தபோது அம்மா வாசற்படியில் நின்றபடி சத்தம் போட்டாள்.

“ஏலே, மனுசனுக்கே குடிக்கத் தண்ணியக் காணோம். நீ நல்ல தண்ணியக் கொண்டுபோயி மீனுக்கு ஊத்துத. இது அடுக்குமா?”

“மீனு தண்ணியக் குடிச்சுத் தீத்துருதாம்மா? அதுல இருக்கு, அவ்வளவுதான். நாளைக்கு இதே தண்ணிதான் முருங்கைக்குப் போவுது.”

“வக்கணையாப் பேசத் தெரியுது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அம்மா கேட்டது உலகம் முழுக்கக் கேட்கிற கேள்வி. நான் சொன்ன பதிலும் வெறும் வாயாடித்தனம் இல்லை. ஆற்றில் மனிதருக்கு எவ்வளவு, மீனுக்கு எவ்வளவு என்று சண்டை வரும்போதெல்லாம் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. நெல்லுக்குப் பாய்ச்சிய தண்ணீரில் பெரும்பகுதி வயலோடு போய்விடும், ஆலைக்குள் போனது போனதுதான். மீனுக்கென்று ஆற்றில் ஓடவிட்ட தண்ணீர் அடுத்த ஊருக்கு வந்து சேர்கிறது. அந்த அடுத்த ஊர் நாங்கள்தான்.

கோவில்பட்டிக் குழாயில் வருவது தாமிரபரணித் தண்ணீர். சிற்றாறு வந்து தாமிரபரணியோடு சேருகிற சீவலப்பேரியில் எடுத்து, நாற்பது கிலோமீட்டருக்கு மேல் குழாயில் தள்ளிக் கொண்டுவருகிறார்கள். கரிசலை நம்பிக் குடித்தனம் நடத்தும் ஊர்களில் பாதி இப்படி அந்த ஆற்றுக்குக் குழாய் போட்டுக் காத்திருப்பவைதான். சங்கரன்கோவில், ராஜபாளையம் பக்கமும் விருதுநகர் மாவட்டத்தின் வேறு சில ஊர்களும் அதே ஆற்றில்தான் வாய் வைத்திருக்கின்றன. பொதிகை மலையில் பிறந்து புன்னக்காயலில் கடலில் கலக்கும்வரை ஆற்றின் நீளம் சுமார் 128 கிலோமீட்டர். அவ்வளவு சின்ன ஆறு இவ்வளவு பேருக்குத் தாயாக இருக்கிறது.

அந்த ஆற்றின் மீன்கள் எனக்கு முதலில் பழக்கமானது கடை வழியாகத்தான். வண்ண மீன் வியாபாரத்தில் ‘ஃபிலமெண்ட் பார்ப்’ என்று ஒன்று உண்டு. கெண்டை வகை. ஆண் மீனுக்கு முதுகுத் துடுப்பிலிருந்து நூல் நூலாகத் தொங்கும். கேரளத்து ஆறுகளில் நிறைய உண்டு. அதற்கு ஒரு தாயாதி தாமிரபரணியில் இருக்கிறது. பக்கவாட்டில் கறுப்புத் திட்டுகள், வெயில் பட்டால் பச்சையும் செம்பும் கலந்த மினுக்கம், விரல் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலான உடம்பு. 1954இல் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் ஈ.ஜி. சைலஸ். பிற்காலத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்தவர். மீனின் அறிவியல் பெயரில் ஆற்றின் பெயரையே வைத்தார்: இன்று அது டாக்கின்சியா தாம்பிரபர்ணியை. தாமிரபரணிப் படுகைக்கே உரியது என்று அறியப்பட்ட இந்த மீனை, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது.

இது ஒன்று மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். கல்லில் வாயை ஒட்டவைத்துப் பாசி சுரண்டும் காரா இனத்தில் களக்காட்டின் பெயரைத் தாங்கிய ஒன்று உண்டு. அதை 1993இல் விவரித்தவர் இந்திய விலங்கியல் அளவைத் துறையின் ரெமா தேவி. கன்னிகட்டிக் காட்டின் பெயரால் ஒரு சின்னக் கெண்டை 2003இல் வந்தது. ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பரமகல்யாணி சுற்றுச்சூழல் மையத்தில் பேராசிரியர் அருணாசலமும் அவரோடு சேர்ந்தவர்களும் மலை ஓடைகளில் இறங்கித் தேடியதில் 2014, 2017 என்று அண்மைக்காலத்தில்கூட இந்த ஆற்றின் பெயரோடு புதிய மீன்கள் பட்டியலில் ஏறின. நம் வீட்டுக் குழாயின் மறுமுனையில் இத்தனை இருக்கின்றன என்பது எங்கள் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பாபநாசத்தில் போய்ப் பார்க்கலாம். கோயில் படித்துறையில் இறங்கி நின்றால் போதும், காலைச் சுற்றி மீன் மொய்க்கும். பொரி விற்கிற அம்மா, “அண்ணாச்சி, ஒரு பாக்கெட் வாங்கிப் போடுங்க, புண்ணியம்” என்பார். பொரி தண்ணீரில் விழுந்த கணத்தில் கறுத்த முதுகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். தடித்த உதடு, மீசை, காசு காசாகச் செதில். மகசீர் வகைக் கெண்டைகளும் அந்தக் கூட்டத்தில் உண்டு. சாமி மீன் என்று யாரும் பிடிப்பதில்லை. எந்தச் சட்டமும் வருவதற்கு முன்பே நம்மவர்கள் கண்டுபிடித்த சரணாலயம் இந்தக் கோயில் துறைதான். ஆனால் அதே படியில் நாலு பேர் சோப்பு நுரை பறக்கக் குளிப்பார்கள், பரிகாரம் செய்ய வந்தவர் உடுத்திய வேட்டியை ஆற்றோடு விட்டுவிட்டுக் கரையேறுவார். அந்தத் துணி பாறை இடுக்கில் சிக்கி ஊறிக் கிடக்கும். அவ்வப்போது தன்னார்வலர்கள் மூட்டை மூட்டையாக இழுத்துப் போடுகிறார்கள். மீனுக்குப் பொரி போட்டுப் புண்ணியம் தேடுகிற கையும் துணி விடுகிற கையும் ஒரே கை.

நான் அங்கே போனால் மீனைவிடத் தண்ணீரைத்தான் பார்ப்பேன், தொழில் புத்தி. ஓடுகிற தண்ணீருக்கும் நிற்கிற தண்ணீருக்கும் என்ன வித்தியாசம் என்பது மீன் கடைக்காரனுக்கு மின்வெட்டு வரும்போது தெரியும். ஏர் பம்ப் நின்று கொஞ்ச நேரத்தில் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளக்க ஆரம்பிக்கும். தண்ணீரின் அளவு அப்படியேதான் இருக்கிறது, ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. குறைந்தது பிராணவாயு. வெயில் ஏறித் தண்ணீர் சூடானால் அது இன்னும் வேகமாகக் குறையும். மலையாற்று மீன்கள் பாறையில் மோதி நுரைத்து ஓடும் குளிர்ந்த தண்ணீருக்குப் பழகியவை. அவற்றுக்கு ஏர் பம்ப் ஆறுதான்.

இன்னொன்று, நேரம். இந்தக் கெண்டைகள் பலவற்றுக்கு மழைக்காலத்து முதல் வெள்ளம்தான் முட்டையிட அழைப்பு. தண்ணீர் கலங்கி, வேகம் கூடி, சூடு இறங்கியதும் சரளை மேட்டைத் தேடிப் போகும். முட்டை சரளைக்கு இடையில் தங்கும், குஞ்சுகள் ஓரத்து ஆழமில்லாத தண்ணீரில் வளரும். அந்த நாட்களில் மட்டம் சட்டென்று இறங்கினால் முட்டை வெயிலில் காயும், சட்டென்று ஏறினால் குஞ்சு அடித்துக்கொண்டு போகும். மின்சாரத்துக்காகத் தண்ணீரைத் திறந்து மூடுகிற எந்த ஆற்றிலும் இந்தத் தொல்லை உண்டு. பாபநாசத்தில் 1944 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள்.

ஆற்றைக் கட்டியது நேற்று இன்றைய கதையில்லை. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள். கடைசியில் உள்ள ஸ்ரீவைகுண்டம் ஆங்கிலேயர் காலத்தில் 19ஆம் நூற்றாண்டில் வந்தது, மற்றவை அதற்கு முந்தியவை. இவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள் 86 ஆயிரம் ஏக்கருக்கு மேல் நெல்லும் வாழையும் விளைவிக்கின்றன. பழைய அணைக்கட்டுகள் உயரம் குறைந்த கல் அணைகள். வெள்ளம் வந்தால் மூழ்கி வழியும், அப்போது மீன் ஏறிக்கொள்ளும். மலைமேல் 1942இல் எழுந்த 143 அடி பாபநாசம் அணையில் ஏறுவதற்கு வழியே கிடையாது. 1958இல் மணிமுத்தாறு, 1974இல் கடனாநதியும் இராமநதியும், 1986இல் சேர்வலாறு. மலையிலிருந்து இறங்கும் முக்கியமான கைகள் பெரும்பாலானவற்றில் அணை வந்துவிட்டது. மேலே உள்ள மீன் மேலே, கீழே உள்ளது கீழே. ஒரே இனம் துண்டு துண்டாகப் பிரிந்து வாழ்கிறது.

இதைப் படித்துவிட்டு நான் அணைக்கு எதிரி என்று யாரும் எண்ண வேண்டாம். பாபநாசம், மணிமுத்தாறு இரண்டும் ஆளுக்கு ஏறத்தாழ ஐந்தரை டி.எம்.சி. பிடிக்கும். அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் ஏப்ரல் மாதம் கோவில்பட்டியில் யாரும் வாய் கொப்பளிக்க முடியாது.

ஏப்ரல் மாதத்தை ஏன் சொல்கிறேன் என்றால், என் வாதமே அங்கேதான் இருக்கிறது. பிசான சாகுபடிக்கு வழக்கமாக மார்ச் 31 வரை தண்ணீர் விடுவார்கள். அதன் பிறகு கார் பருவத்துக்கு ஜூன் மாதம் மறுபடி திறக்கும்வரை ஆற்றில் ஓடுவதில் பெரும்பகுதி குடிநீருக்காக விடுவது. சித்திரை வைகாசியில் வெயில் கொளுத்தும்போது, பாபநாசத்திலிருந்து சீவலப்பேரிவரை மீனை உயிரோடு வைத்திருப்பது எங்களுக்காக விட்ட அந்தத் தண்ணீர்தான். யாரும் மீனை நினைத்து விடவில்லை. எங்களுக்குத் தண்ணீர் எடுக்கும் உறைகிணறு கீழே சீவலப்பேரியில் இருப்பதால், வருகிற வழியெல்லாம் ஆறு நனைந்துகொண்டு வருகிறது.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பாருங்கள். வழியில் ஆவியாகிறது, திருடு போகிறது, சாக்கடை கலக்கிறது, அதனால் அணையிலிருந்தே நேராகக் குழாய் போட்டுவிடலாம் என்று ஒரு யோசனை அவ்வப்போது டீக்கடைப் பேச்சில் வரும். கேட்கிறபோது நியாயமாகத்தான் தோன்றும். சுத்தமான தண்ணீர், சேதாரம் இல்லை. ஆனால் குழாயில் போகிற தண்ணீரில் மீன் இருக்காது. கோடையில் ஆற்றில் ஓட மிச்சம் ஒன்றும் இருக்காது. கரையோரக் கிணறுகளும் வற்றும். குடிநீரை முடிந்தவரை கீழே எடுப்பதும் அதுவரை ஆற்றையே குழாயாக வைத்துக்கொள்வதும்தான் மீனுக்கும் மனிதருக்கும் ஒரே குடத்தில் ஊற்றுகிற வழி. சாக்கடை கலக்கிறது என்றால் சாக்கடையைத்தான் நிறுத்த வேண்டும். திருநெல்வேலி, பாளையங்கோட்டை இரண்டையும் தாண்டி வந்துதான் ஆறு சீவலப்பேரியைத் தொடுகிறது. நகரத்தின் கழிவு சேர்ந்த தண்ணீரில் பிராணவாயு குறைந்தால் மீன் வாயைப் பிளக்கும், எங்கள் குழாயில் குளோரின் கூடும். என் டிரம்மில் மூக்கை வைத்தாலே ஆறு எப்படி இருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடுவேன்.

மணலும் அப்படித்தான். உறைகிணற்றுக்குத் தண்ணீரை வடிகட்டிக் கொடுப்பது ஆற்று மணல். மீன் முட்டையிடுவது சரளையிலும் மணலிலும். அள்ளிக் குழியாக்கினால் இரண்டுக்கும் சேர்த்துத்தான் கேடு. தாமிரபரணி மணல் கொள்ளையை எதிர்த்து, ஸ்ரீவைகுண்டத்துக்காரரான தோழர் நல்லகண்ணு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பொதுநல வழக்குப் போட்டுத் தானே வாதாடினார். 2010இல் ஐந்து ஆண்டுகளுக்கு மணல் அள்ளத் தடை வந்தது. அவர் மீனுக்காக வாதாடவில்லை. ஆனால் சரளையில் முட்டையிடும் எந்தக் கெண்டைக்கும் அந்த வருடம் அவரைவிடப் பெரிய வக்கீல் கிடைத்திருக்க மாட்டார்.

மீனா மனிதனா என்ற சண்டை நிஜமாகவே மூண்ட இடமும் உண்டு. அமெரிக்காவின் மேற்குக் கரையில் கிளாமத் என்றொரு ஆறு. 2001இல் கடும் வறட்சி. அழியும் நிலையில் இருந்த மீன்களைக் காப்பாற்றச் சட்டம் சொல்கிறது என்று விவசாயிகளின் வாய்க்கால்களை அடைத்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டு போராடினார்கள். அடுத்த ஆண்டு விவசாயத்துக்குத் தண்ணீர் திரும்ப வந்தது. ஆறு மெலிந்தது. 2002 செப்டம்பரில், கடலிலிருந்து முட்டையிட ஏறிவந்த சால்மன் மீன்கள் முப்பதாயிரத்துக்கும் மேல் கரையெல்லாம் செத்து ஒதுங்கின.

செத்த காரணத்தைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது எங்கள் கடையில் தினமும் பேசுகிற நோய். ‘இக்’ என்போம், ‘ஒயிட் ஸ்பாட்’ என்போம். புதிதாக மீன் வளர்ப்பவர்கள் பையில் மீனைக் கொண்டுவந்து, “உடம்பெல்லாம் ரவை ஒட்டின மாதிரி இருக்குண்ணே” என்று காட்டுவார்களே, அந்த ஒட்டுண்ணிதான். கூடவே ஒரு பாக்டீரியாவும் சேர்ந்து கிளாமத்தில் செவுளைத் தின்றிருக்கிறது. என் வாடிக்கையாளர்களிடம் நான் முதலில் கேட்பது ‘சின்னத் தொட்டியில் எத்தனை மீன் விட்டீர்கள்’ என்பதுதான். நெருக்கடியில் ஒட்டுண்ணி ஒரு மீனிலிருந்து அடுத்ததற்குத் தாவ அதிக நேரம் பிடிக்காது. கிளாமத்திலும் அதே கதை. தண்ணீர் குறைந்து, சூடாகி, ஏறிப்போக வழியில்லாமல் மீன்கள் ஒரே இடத்தில் அடைந்து நின்றன. ஆறே நெரிசலான தொட்டியாகிவிட்டது.

அங்கே பிறகு நடந்ததுதான் நமக்கு உபயோகமானது. 2014இல் மறுபடி வறட்சி, மறுபடி அந்த ஒட்டுண்ணி தலைகாட்டியது. இந்த முறை காத்திருக்கவில்லை. துணை ஆறான டிரினிட்டியின் அணையிலிருந்து, மீன்கள் ஏறிவரும் சில வாரங்களுக்கு மட்டும் கூடுதலாகத் தண்ணீரை இறக்கினார்கள். 2002 போன்ற சாவு திரும்ப நிகழவில்லை. ஆண்டு முழுவதும் ஆறு நிறைய ஓட வேண்டியதில்லை. எந்த வாரம் என்று தெரிந்து விட்டால் போதும். (கிளாமத் ஆற்றில் இருந்த நான்கு நீர்மின் அணைகளை 2024க்குள் முழுவதும் பெயர்த்தெடுத்துவிட்டார்கள், சில வாரங்களிலேயே சால்மன் அணை இருந்த இடத்தைத் தாண்டி மேலே போனது. பாசனத்துக்கோ குடிநீருக்கோ பெரிதாக உதவாத அணைகள் அவை. நமக்கு அந்த வழி கிடையாது.)

ஆற்றுக்கென்று தண்ணீரைத் தனியாக எழுதிவைப்பது நம் ஊரிலும் புதிது இல்லை. காவிரி நடுவர் மன்றம் 2007இல் கொடுத்த இறுதித் தீர்ப்பில் 740 டி.எம்.சி.யை மாநிலங்களுக்குப் பங்கு போட்டபோது, சுற்றுச்சூழலுக்கு என்று 10 டி.எம்.சி., தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவது என்று 4 டி.எம்.சி. ஒதுக்கியது. தீர்ப்பைப் பற்றி ஊரே பேசியது, இந்தப் பதினாலைப் பற்றி ஒருவரும் பேசிக் கேட்டதில்லை. கங்கைக்கு 2018 அக்டோபரில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை போட்டது. மேல்பகுதியில் மழைக்காலத்தில் மாதச் சராசரி ஓட்டத்தில் 30 விழுக்காடு, குளிர்காலத்தில் 20, இடைப்பட்ட மாதங்களில் 25 ஆற்றில் விட்டே ஆகவேண்டும் என்று. விழுக்காடு போதுமா என்பது வேறு விவாதம். மாதத்துக்கு மாதம் வேறு வேறு என்று ஒப்புக்கொண்டதே எனக்குப் பிடித்திருந்தது.

கடலுக்குப் போவது பற்றி ஒரு வார்த்தை. மழைக்காலத்தில் பேப்பரைத் திறந்தால் ‘வீணாகக் கடலில் கலக்கும் தாமிரபரணித் தண்ணீர்’ என்ற தலைப்பு தவறாமல் இருக்கும். வானம் பார்த்த பூமியில் இருந்துகொண்டு அதைப் படிக்கையில் எனக்கும் வயிறு எரியும். வெள்ள உபரியைக் கன்னடியன் கால்வாயிலிருந்து கருமேனியாறு, நம்பியாற்றுக்குக் கொண்டுபோகும் இணைப்பு 2009இல் தொடங்கி 2025இல் திறக்கப்பட்டது. சாத்தான்குளம், திசையன்விளை வறட்சிக்கு அது வேண்டியதுதான். ஆனால் கடைசிச் சொட்டுவரை பிடித்துவிட முடியாது, பிடிக்கவும் கூடாது. விலாங்கைப் பாருங்கள். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்று பழமொழியில் அதைத் திட்டுகிறோம். அது செய்யும் காரியம் பெரும்பாலான மீன்களால் ஆகாது. கடலில் பிறந்து, கண்ணாடி போன்ற குஞ்சாக ஆற்றில் ஏறி, நன்னீரில் வருடக்கணக்கில் வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்கே இறங்கும். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே தண்ணீர் அறுந்துபோனால் விலாங்கின் வாழ்க்கையும் அங்கே அறுந்துபோகும். புன்னக்காயல் முகத்துவாரத்தில் வலை போடுபவர்களுக்கும் இறாலும் மடவையும் கிடைப்பது இனிப்பும் உப்பும் கலந்த அந்தத் தண்ணீரால்தான். அவர்களைக் கேட்காமல் ‘வீண்’ என்று எழுதுகிறோம்.

வெள்ளம் என்றதும் 2023 டிசம்பர் ஞாபகம் வருகிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஆறு ஊருக்குள் வந்தது. உறைகிணறும் நீரேற்று நிலையமும் மூழ்கியதில், ஆறு நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்போதே குடிக்கத் தண்ணீர் இல்லாமல் ஊர்கள் தவித்தன. தண்ணீரின் அளவு மட்டும் போதாது, மீனுக்கும் மனிதருக்கும்.

என் தொழிலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் முறையாகாது. நாட்டு மீனுக்குத் தண்ணீர் விட்டால் மட்டும் போதாது, அதன் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். ஜிலேபிக் கெண்டை எங்கும் பெருகிவிட்டது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை 2000ஆம் ஆண்டிலேயே தடை செய்தும் வளர்க்கிறவர்கள் வளர்க்கிறார்கள். ‘டேங்க் கிளீனர்’ என்று கடைகளில் விற்கிற சக்கர் மீன், தொட்டிக்குப் பெரிதானதும் குளத்தில் கொண்டுபோய் விடப்பட்டு, தமிழ்நாட்டின் பல ஏரிகளில் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. சாகடிக்க மனசு வராமல் விடுகிறார்கள். அந்த இரக்கம் கெண்டைக்கு எமன். நான் சக்கர் விற்பதில்லை. கேட்டு வருகிறவர்களிடம், பாசி சுரண்ட ஒரு பழைய டூத் பிரஷ் போதும் என்று சொல்லி அனுப்புகிறேன். ஆற்றில் பிடித்த நாட்டு மீன் என்று யாராவது பையைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் வாங்குவதில்லை. கேரளத்தில் ‘மிஸ் கேரளா’ என்ற அழகு மீனை வண்ண மீன் சந்தைக்காக ஆற்றிலிருந்து அள்ளி அள்ளி அதையும் ஆபத்துப் பட்டியலில் கொண்டுவந்து வைத்தது எங்கள் வியாபாரம்தான்.

சரி, தாமிரபரணிக்கு என்ன கேட்பது? பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். அணை திறக்கும்போது அரசு ஓர் ஆணை போடும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எத்தனை கன அடி, எந்தெந்தக் கால்வாய், எத்தனை ஏக்கர் என்று அதில் விவரமாக இருக்கும். லஸ்கர் அதை வைத்துத்தான் ஷட்டரைத் திருப்புவார். அந்த ஆணையில் இன்னும் ஒரு பத்தி சேர்க்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் ஒவ்வொரு அணைக்கட்டையும் தாண்டிக் குறைந்தது இத்தனை கன அடி வழிய வேண்டும், ஸ்ரீவைகுண்டம் உட்பட. முதல் மழை வாரங்களில் மட்டத்தை இந்த வேகத்துக்கு மேல் ஏற்றவோ இறக்கவோ கூடாது. புதுக் குடிநீர்த் திட்டம் எதுவானாலும் ஆற்றின் கீழ்ப்பகுதியில்தான் எடுக்க வேண்டும். எத்தனை கன அடி, எந்த வாரம் என்பதை நான் சொல்ல முடியாது. எந்த மடுவில் எந்த மீன் இருக்கிறது என்று ஓடை ஓடையாக இறங்கிப் பார்த்தவர்கள் ஆழ்வார்குறிச்சியில் இருக்கிறார்கள், மணிமுத்தாற்றில் சூழல் ஆய்வு அமைப்பான ஏட்ரீயின் மையம் இருக்கிறது. அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கலாம்.

மாதம் ஒருமுறை கலெக்டர் ஆபீசில் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. தண்ணீர் பற்றிய பேச்செல்லாம் அங்கேதான். கடைமடைக்காரர் தன் பங்கைக் கேட்பார், வாழைக்காரர் தன் பங்கைக் கேட்பார். எங்கள் கோவில்பட்டி, கயத்தாறு பக்கத்து ஆட்கள் போனால் உளுந்துக்குப் பயிர்க் காப்பீடு, மக்காச்சோளத்தில் படைப்புழு என்று பேசிவிட்டுத் திரும்புவார்கள். ஆற்றைப் பற்றிப் பேச எங்களுக்கு உரிமையில்லை என்று ஒரு நினைப்பு. ஏன் இல்லை? ஆற்றில் கடைசியாகக் குடிக்கிறவர்களில் நாங்களும் சேர்த்திதான், மீனோடு சேர்த்து. மீன் கடைக்காரனுக்கு அங்கே என்ன வேலை என்று வாசலில் கேட்டால் காட்டுவதற்குத் தண்ணீர் வரி கட்டிய ரசீது இருக்கிறது.